அமெரிக்கப் பயணத்தின் நடுவே கனடா, மெக்சிகோ சென்று திரும்பலாமா? விசா விலக்கு விதிகள் சொல்வது என்ன?

புதுதில்லி: அமெரிக்காவுக்கு விசா இன்றி வரும் வெளிநாட்டவர், தங்கியிருக்கும் காலத்தின் நடுவே கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ கரீபியன் தீவுகளுக்கோ சென்று திரும்பினால், அவர்களுக்கு அளிக்கப்பட்ட 90 நாள் கணக்கு மீண்டும் முதல் நாளிலிருந்து தொடங்குவதில்லை. அண்டை நாட்டில் கழித்த நாட்களும் அதே 90 நாட்களுக்குள் சேர்த்தே எண்ணப்படுகின்றன. பலரும் கவனிக்கத் தவறும் இந்த விதியை மீறினால், விசா இன்றி அமெரிக்கா செல்லும் உரிமை வாழ்நாள் முழுவதற்கும் பறிபோகக்கூடும்.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்போருக்கு விசா விலக்குத் திட்டம் பொருந்தாது. எனினும், சிங்கப்பூர், பிரிட்டன், ஆஸ்திரேலியா உள்ளிட்ட நாடுகளின் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினர் அத்திட்டத்தின்கீழ் பயணம் செய்கின்றனர். அமெரிக்காவில் படிக்கும், பணியாற்றும் இந்தியர்களுக்கும், பிள்ளைகளைப் பார்க்கச் செல்லும் பெற்றோருக்கும் அண்டை நாட்டுப் பயணம் தொடர்பாகத் தனி விதிகள் உள்ளன. இவ்விரு பிரிவினரும் அறிந்திருக்க வேண்டிய விவரங்கள் இங்கே தொகுத்துத் தரப்படுகின்றன.

விசா விலக்குத் திட்டம் என்றால் என்ன?

அமெரிக்க நாடாளுமன்றம் 1986-ஆம் ஆண்டு நிறைவேற்றிய குடியேற்றச் சீர்திருத்தச் சட்டத்தின் மூலம் இத்திட்டம் சோதனை முயற்சியாகக் கொண்டுவரப்பட்டது. 1988-இல் பிரிட்டனும், அதே ஆண்டின் இறுதியில் ஜப்பானும் இதில் இணைந்தன. 2000-ஆம் ஆண்டு அக்டோபரில் இது நிரந்தரத் திட்டமாக்கப்பட்டது. தற்போது 42 நாடுகள் இதில் இடம்பெற்றுள்ளன. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுடன், ஆசியாவிலிருந்து ஜப்பான், தென் கொரியா, சிங்கப்பூர், புருணை, தைவான், இஸ்ரேல், கத்தார் ஆகியவையும், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, சிலி ஆகியவையும் பட்டியலில் உள்ளன. இஸ்ரேல் 2023-ஆம் ஆண்டிலும், கத்தார் 2024-ஆம் ஆண்டிலும் சேர்க்கப்பட்டன. ஒரு நாடு பட்டியலில் இருந்து நீக்கப்படுவதும் உண்டு. அர்ஜென்டினா 2002-இலும், உருகுவே 2003-இலும் அவ்வாறு நீக்கப்பட்டன.

இந்தியா இப்பட்டியலில் இல்லை. ஒரு நாடு சேர்க்கப்பட வேண்டுமெனில், அந்நாட்டவரின் சுற்றுலா, வணிக விசா விண்ணப்பங்கள் நிராகரிக்கப்படும் விகிதம் 3 சதவீதத்துக்கும் குறைவாக இருக்க வேண்டும். மின்னணுக் கடவுச்சீட்டு வழங்குதல், பாதுகாப்புத் தகவல்களைப் பகிர்தல், அமெரிக்கர்களுக்கும் அதேபோன்ற விசா விலக்கு அளித்தல் ஆகிய நிபந்தனைகளும் உள்ளன.

இத்திட்டத்தின்கீழ் வருவோர் சுற்றுலா, உறவினர் சந்திப்பு, வணிகப் பேச்சுவார்த்தை போன்ற நோக்கங்களுக்காக மட்டுமே வரலாம். படிப்பதற்கோ ஊதியம் பெறும் வேலையில் சேர்வதற்கோ அனுமதி இல்லை. அதிகபட்சம் 90 நாட்கள் தங்கலாம். குடியுரிமையே இதற்கு அடிப்படையாகும், வசிப்பிடம் அல்ல. லண்டனிலோ சிங்கப்பூரிலோ நிரந்தரமாக வசித்தாலும், கையில் இருப்பது இந்தியக் கடவுச்சீட்டு எனில் விசா பெற்றே ஆக வேண்டும்.

90 நாள் கணக்கு எவ்வாறு எண்ணப்படுகிறது?

விசா விலக்கில் வந்த ஒருவர் அமெரிக்காவுடன் நில எல்லையைப் பகிரும் நாட்டுக்கோ அண்டைத் தீவுக்கோ சென்று திரும்பினால், முதல் வருகையின்போது அளிக்கப்பட்ட காலத்தில் எஞ்சியிருக்கும் நாட்களுக்கு அவரை மீண்டும் அனுமதிக்கலாம் என்று அமெரிக்கக் குடியேற்ற ஒழுங்குமுறை கூறுகிறது. 'எஞ்சியிருக்கும் நாட்கள்' என்பதே இவ்விதியின் மையம். புதிதாக 90 நாட்கள் கிடைக்கும் என்று அதில் கூறப்படவில்லை.

எடுத்துக்காட்டாக, சிங்கப்பூர்க் குடிமகன் ஒருவர் ஜூன் 1 அன்று நியூயார்க் வந்திறங்குகிறார் எனக் கொள்வோம். வந்த நாளையும் சேர்த்து எண்ணினால், அவரது 90-ஆவது நாள் ஆகஸ்ட் 29. அவர் ஜூலை 10 அன்று டொராண்டோ சென்று, ஜூலை 24 அன்று நியூயார்க் திரும்புகிறார். திரும்பிய நாளிலிருந்து மேலும் 90 நாட்கள், அதாவது அக்டோபர் 21 வரை தங்கலாம் என்று அவர் கருதினால் அது தவறு. கனடாவில் இருந்த இரண்டு வாரங்களும் கணக்கில் சேர்ந்துவிட்டன. அவர் ஆகஸ்ட் 29-க்குள் அமெரிக்காவை விட்டு வெளியேறியாக வேண்டும்.

மற்றொரு சூழலும் உண்டு. அதே பயணி ஆகஸ்ட் 24 அன்று மெக்சிகோவின் கான்கூன் நகருக்குச் சென்று, செப்டம்பர் 2 அன்று நியூயார்க் திரும்பி, மறுநாள் அங்கிருந்து சிங்கப்பூருக்கு விமானம் ஏறத் திட்டமிடுகிறார். அமெரிக்காவில் அவர் உண்மையில் இருக்கப்போகும் நாட்கள் 90-க்கும் குறைவுதான். ஆனால் ஜூன் 1 முதல் செப்டம்பர் 3 வரை மொத்தம் 95 நாட்கள் ஆகின்றன. எனவே அவரது திட்டம் விதிக்குப் பொருந்தாது. அவரை அனுமதிப்பதும் மறுப்பதும் எல்லையில் உள்ள அதிகாரியின் முடிவு. கான்கூனில் இருந்து அமெரிக்காவைத் தொடாமல் வேறு வழியாக நாடு திரும்புமாறு பயணத்தை அமைத்துக்கொண்டால் இச்சிக்கல் எழாது.

குறுகிய பயணமாக எல்லையைக் கடந்து, உடனே திரும்பி, புதிதாக நாட்களைப் பெற்றுக்கொள்ளும் வழக்கத்தைத் தடுப்பதே இந்த விதியின் நோக்கமாகும். இவ்விதி இல்லையெனில், மூன்று மாதங்களுக்கு ஒருமுறை நயாகரா பாலத்தைக் கடந்து திரும்புவதன் மூலம் ஒருவர் ஆண்டுக்கணக்கில் அமெரிக்காவிலேயே வசித்துவிட முடியும்.

எவை அண்டைப் பகுதிகள்?

நில எல்லையைப் பகிரும் நாடுகள் என்பன கனடாவும் மெக்சிகோவும் மட்டுமே. 'அண்டைத் தீவுகள்' என்பதற்கு அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் தனிப் பட்டியல் அளித்துள்ளது. செயின்ட் பியர், மிக்கலான், கியூபா, டொமினிக்கன் குடியரசு, ஹைட்டி, பெர்முடா, பஹாமாஸ், பார்படோஸ், ஜமைக்கா, விண்ட்வார்டு தீவுகள், லீவார்டு தீவுகள், டிரினிடாட், மார்டினிக் ஆகியவை அதில் இடம்பெற்றுள்ளன. கரீபியன் கடலில் உள்ள பிரிட்டன், பிரான்ஸ், நெதர்லாந்து ஆட்சிப் பகுதிகளும் இதில் அடங்கும்.

மத்திய அமெரிக்க, தென் அமெரிக்க நாடுகள் இப்பட்டியலில் இல்லை. கோஸ்டாரிகாவுக்கோ பெருவுக்கோ சென்று திரும்புபவர் புதிய வருகையாளராக விண்ணப்பிக்கிறார். ஆனாலும் புதிய 90 நாட்கள் தானாகக் கிடைத்துவிடும் என்று பொருளல்ல. சென்ற பயணம் எத்தனை நாள் நீடித்தது, ஓராண்டில் எத்தனை நாட்கள் அமெரிக்காவில் கழிந்தன, சொந்த நாட்டில் வீடும் பணியும் உள்ளனவா என்பவற்றை அதிகாரி கேட்டறிவார். ஐயம் எழுந்தால் நுழைவை மறுக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு.

போர்ட்டோ ரிக்கோ, அமெரிக்க விர்ஜின் தீவுகள் ஆகியவை கரீபியனில் இருந்தாலும் அமெரிக்க ஆட்சிப் பகுதிகளே. அங்கு செல்வது நாட்டை விட்டு வெளியேறுவதாகாது. இதற்கு மாறாக, சியாட்டில் நகரில் இருந்து அலாஸ்காவுக்குச் சாலை வழியே சென்றால் கனடாவைக் கடந்தாக வேண்டும். சியாட்டிலில் இருந்து புறப்படும் அலாஸ்கா சுற்றுலாக் கப்பல்களும் பொதுவாகக் கனடாவின் துறைமுகம் ஒன்றில் நின்று செல்கின்றன. உள்நாட்டுப் பயணம் எனக் கருதப்படும் இவற்றுக்கும் கனடாவின் நுழைவு ஆவணங்கள் தேவை. மயாமியில் இருந்து பஹாமாஸ் செல்லும் கப்பல் பயணத்துக்கும் இதே விதிகள் பொருந்தும்.

அமெரிக்கா வழியாகச் செல்வோர்

அமெரிக்க விமான நிலையத்தில் விமானம் மாறி வேறு நாட்டுக்குச் செல்வோரும் அமெரிக்காவின் குடியேற்றச் சோதனையைக் கடந்தே ஆக வேண்டும். பன்னாட்டுப் பகுதியிலேயே காத்திருந்து அடுத்த விமானத்தில் ஏறும் வசதி அங்கு இல்லை. விசா இன்றி இடைவழிப் பயணம் செய்ய அளிக்கப்பட்டிருந்த சலுகையும் 2003-ஆம் ஆண்டு ஆகஸ்டில் நிறுத்தப்பட்டது. எனவே இந்தியர்கள் சில மணி நேரம் விமானம் மாறுவதற்கும் விசா பெற்றிருக்க வேண்டும்.

விசா விலக்கு நாடுகளின் குடிமக்கள் அமெரிக்கா வழியாகக் கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ கரீபியன் தீவுகளுக்கோ சென்று, மீண்டும் அமெரிக்கா வழியாகவே திரும்பினால், இடையில் அங்கு தங்கிய நாட்களும் 90 நாள் கணக்கில் சேரும். ஜெர்மானியர் ஒருவர் ஹூஸ்டனில் விமானம் மாறி மெக்சிகோ சிட்டி சென்று, அங்கு நான்கு மாதங்கள் தங்கிய பின் அதே வழியில் திரும்ப எண்ணினால், அவரது மொத்தப் பயணக் காலம் வரம்பைக் கடந்துவிடுகிறது. அதே நபர் மயாமி வழியாகப் பெருவுக்குச் சென்று நான்கு மாதங்கள் கழித்துத் திரும்பினால் இந்த வரம்பு பொருந்தாது. அது புதிய நுழைவாகவே கொள்ளப்படும்.

விமானச் சீட்டு தொடர்பான நிபந்தனை

விசா விலக்கில் விமானம் அல்லது கப்பல் மூலம் வருவோர், அமெரிக்க அரசுடன் ஒப்பந்தம் செய்துள்ள நிறுவனத்தின் வாகனத்தில் வர வேண்டும். நாடு திரும்புவதற்கோ வேறு நாட்டுக்குச் செல்வதற்கோ உரிய பயணச்சீட்டும் கையில் இருக்க வேண்டும். அச்சீட்டு கனடா, மெக்சிகோ அல்லது அண்டைத் தீவுகளில் முடிவடைவதாக இருக்கக் கூடாது. அங்கு நிரந்தரமாக வசிப்பவர்களுக்கு மட்டும் இதிலிருந்து விலக்கு உண்டு. 'நியூயார்க்கில் இறங்கி, டொராண்டோ வரை மட்டும் சீட்டு எடுத்துள்ளேன். பின்னர் அங்கிருந்து பார்த்துக்கொள்கிறேன்' என்று கூறும் பயணியை விமான நிறுவனமே தொடக்கத்தில் ஏற்ற மறுக்கலாம்.

அண்டைப் பகுதிக்குச் சென்று எஞ்சிய காலத்துக்குத் திரும்புவோருக்கு, ஒப்பந்த நிறுவனத்தின் வாகனத்தில்தான் வர வேண்டும் என்ற நிபந்தனை தளர்த்தப்பட்டுள்ளது. எனவே வாடகைக் காரிலோ பேருந்திலோ அவர்கள் எல்லையைக் கடக்கலாம்.

மின்னணுப் பயண அனுமதி

'எஸ்டா' எனப்படும் மின்னணுப் பயண அனுமதி 2009-ஆம் ஆண்டு ஜனவரி 12 முதல் விமானம், கப்பல் வழியே வருவோருக்குக் கட்டாயமாக்கப்பட்டது. நில எல்லை வழியே விசா விலக்கில் நுழைவோருக்கும் 2022-ஆம் ஆண்டு அக்டோபர் 1 முதல் இது கட்டாயமாகும். பொதுவாக இரண்டு ஆண்டுகள், அல்லது கடவுச்சீட்டு காலாவதியாகும் நாள், இவற்றில் எது முந்தையதோ அதுவரை இது செல்லும். இதற்கான கட்டணம் 2025 செப்டம்பர் 30 முதல் 21 டாலரில் இருந்து 40 டாலராக உயர்த்தப்பட்டது. நில எல்லையில் வருகைப் பதிவுக்கான கட்டணமும் அதே நாளில் 6 டாலரில் இருந்து 30 டாலராக உயர்ந்தது.

எஸ்டா செல்லுபடியாகும் காலமும் தங்குவதற்கான காலமும் வெவ்வேறானவை. எஸ்டா இரண்டு ஆண்டுகள் செல்லும் என்பதால் இரண்டு ஆண்டுகள் தங்கலாம் என்று பொருளாகாது. அண்டை நாட்டில் இருந்து திரும்பும்போது எஸ்டா நடப்பில் இருந்தால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டியதில்லை. காலாவதியாகிவிட்டிருந்தால் திரும்புவதற்கு முன் புதிய அனுமதி பெற வேண்டும்.

கியூபா சென்றால் சலுகை இல்லை

அண்டைத் தீவுகளின் பட்டியலில் கியூபாவும் இருப்பதால், அங்கு சென்று திரும்புவதில் தடை இல்லை என்று பயணிகள் எண்ணிவிடக்கூடும். அமெரிக்கா 2021-ஆம் ஆண்டு ஜனவரி 12 அன்று கியூபாவைப் பயங்கரவாதத்துக்கு ஆதரவளிக்கும் நாடுகளின் பட்டியலில் மீண்டும் சேர்த்தது. அந்த நாளிலோ அதன் பிறகோ கியூபாவில் இருந்த எவரும், சில விலக்குகள் தவிர, விசா விலக்குத் திட்டத்தைப் பயன்படுத்த முடியாது. அவர்கள் தூதரகத்தில் விண்ணப்பித்து விசா பெற வேண்டும்.

ஈரான், இராக், லிபியா, வடகொரியா, சோமாலியா, சூடான், சிரியா, ஏமன் ஆகிய நாடுகளில் 2011 மார்ச் 1 முதல் எப்போதேனும் இருந்தவர்களுக்கும் இத்தடை பொருந்தும். புளோரிடாவில் விடுமுறையைக் கழிக்கும் ஐரோப்பியர் ஒருவர் நடுவே ஹவானா சென்று வந்தால், அந்தப் பயணத்திலேயே திரும்பி நுழைவது சிக்கலாவதுடன் பின்னாளைய பயணங்களுக்கும் விசா தேவைப்படும்.

காலம் கடந்து தங்கினால்...

விசா விலக்கில் வருவோர் சில உரிமைகளை விட்டுக்கொடுத்தே நுழைகின்றனர். தங்கும் காலத்தை நீட்டிக்கவோ, மாணவர் அல்லது பணியாளர் நிலைக்கு அமெரிக்காவுக்குள் இருந்தவாறே மாறவோ அவர்கள் விண்ணப்பிக்க முடியாது. வெளியேற்ற உத்தரவு பிறப்பிக்கப்பட்டால், புகலிடம் கோருவதைத் தவிர வேறு காரணங்களுக்காகக் குடியேற்ற நீதிமன்றத்தில் வழக்காடவும் முடியாது.

மருத்துவமனையில் சேர்க்கப்படுதல் போன்ற எதிர்பாராத நெருக்கடி ஏற்பட்டால், 90 நாள் முடிவதற்குள் குடியேற்றத் துறையை அணுக வேண்டும். வெளியேறுவதற்கு அதிகபட்சம் 30 நாட்கள் கூடுதல் அவகாசம் அளிக்க அதிகாரிகளுக்கு அதிகாரம் உள்ளது. இது நீட்டிப்பு உரிமை அல்ல. அதிகாரிகளின் விருப்புரிமையின்பாற்பட்ட சலுகையே.

இவ்வாறு அவகாசம் பெறாமல் ஒரு நாள் கூடுதலாகத் தங்கினாலும் விசா விலக்குச் சலுகையை இழக்க நேரிடும். முந்தைய வருகையின் நிபந்தனைகளை மீறியவர் மீண்டும் இத்திட்டத்தின்கீழ் வரத் தகுதியற்றவர் என்று சட்டம் கூறுகிறது. 180 நாட்களுக்கு மேல் சட்டவிரோதமாகத் தங்கிய பின் வெளியேறினால் மூன்று ஆண்டுகளும், ஓராண்டு அல்லது அதற்கு மேல் தங்கியிருந்தால் பத்து ஆண்டுகளும் அமெரிக்காவுக்குள் நுழையத் தடை விதிக்கப்படும்.

இந்தியப் பெற்றோரும் நயாகரா பயணமும்

அமெரிக்காவில் உள்ள பிள்ளைகளைப் பார்க்கச் செல்லும் இந்தியப் பெற்றோர் பெரும்பாலும் பி-1/பி-2 விசாவில் செல்கின்றனர். பத்து ஆண்டுகள் வரை பலமுறை நுழைய இவ்விசா உதவுகிறது. ஒவ்வொரு வருகையின்போதும் வழக்கமாக ஆறு மாதங்கள் வரை தங்க அனுமதி தரப்படுகிறது. தங்குவதற்கான இறுதி நாளைத் தீர்மானிப்பது விசாவில் உள்ள தேதி அல்ல; 'ஐ-94' எனப்படும் வருகைப் பதிவில் உள்ள தேதியே ஆகும். அதனை அமெரிக்கச் சுங்கம் மற்றும் எல்லைப் பாதுகாப்பு முகமையின் இணையதளத்தில் பார்த்து அச்சிட்டுக்கொள்ளலாம்.

நயாகரா அருவியைக் காணச் செல்வோர் அமெரிக்கக் கரையில் நின்று பார்க்கும்வரை எந்தச் சிக்கலும் இல்லை. அருவியின் முழுத் தோற்றமும் நன்கு தெரியும் என்பதற்காக ரெயின்போ பாலத்தைக் கடந்து ஒன்டாரியோ பகுதிக்குச் செல்ல விரும்பினால், கனடாவின் வருகையாளர் விசா வேண்டும். அமெரிக்க விசா மட்டும் போதாது. 2023-ஆம் ஆண்டு ஜூனில் கனடா 13 நாடுகளின் குடிமக்களுக்கு, அவர்களிடம் அமெரிக்க விசா இருந்தால் விமானப் பயணத்துக்கு மின்னணு அனுமதி போதும் என அறிவித்தது. அப்பட்டியலில் இந்தியா இடம்பெறவில்லை. கனடா வருகையாளர் விசாவுக்கு 100 கனேடிய டாலரும், விரல்ரேகை உள்ளிட்ட பதிவுகளுக்கு 85 கனேடிய டாலரும் கட்டணமாக வசூலிக்கப்படுகின்றன.

கனடாவில் இருந்து திரும்பும்போது, எஞ்சிய காலத்துக்கு மட்டும் அனுமதிப்பதா, புதிதாகக் காலம் அளிப்பதா என்பதை அதிகாரியே முடிவு செய்வார். புதிதாக ஆறு மாதங்கள் கிடைக்கும் என்ற எண்ணத்தில் விமானச் சீட்டை மாற்றிக்கொள்வது ஆபத்தானது. திரும்பிய உடன் ஐ-94 பதிவை மீண்டும் சரிபார்ப்பது அவசியம்.

டொராண்டோ, வான்கூவர், மாண்ட்ரியல் உள்ளிட்ட கனடிய விமான நிலையங்கள் சிலவற்றிலும், பெர்முடா, அரூபா, பஹாமாஸின் நாசாவ் ஆகிய இடங்களிலும் அமெரிக்க அதிகாரிகளே முன்கூட்டிச் சோதனை நடத்துகின்றனர். அங்கிருந்து வருவோர் மறுநுழைவு பெறுவரா என்பது விமானம் ஏறும் முன்பே முடிவாகிவிடும்.

மெக்சிகோவின் விதி வேறானது. நடப்பில் உள்ள அமெரிக்க விசா இருந்தால், இந்தியர்கள் தனியே மெக்சிகோ விசா பெற வேண்டியதில்லை. அதிகபட்சம் 180 நாட்களுக்கு உட்பட்டு, எத்தனை நாட்கள் தங்கலாம் என்பதை அந்நாட்டு அதிகாரி தீர்மானிப்பார். அமெரிக்க விசா காலாவதியாகியிருந்தால் இச்சலுகை இல்லை.

கனடாவுக்கு முதலில் சென்று, அங்கிருந்து அமெரிக்கா சென்று திரும்ப எண்ணும் இந்தியர்களுக்கும் ஒரு விதி உதவுகிறது. ஒருமுறை மட்டும் நுழையக்கூடிய கனடா விசா பெற்றவர், அமெரிக்காவுக்கோ செயின்ட் பியர்–மிக்கலான் தீவுகளுக்கோ மட்டும் சென்று, கனடாவில் தங்க அனுமதிக்கப்பட்ட காலத்துக்குள் திரும்பினால் புதிய கனடா விசா தேவையில்லை.

விசா காலாவதியான மாணவர்கள், பணியாளர்கள்

அமெரிக்காவில் எஃப்-1 மாணவராகவோ எச்-1பி பணியாளராகவோ உள்ள பலரின் கடவுச்சீட்டில் உள்ள விசா முத்திரை காலாவதியாகியிருக்கும். ஆனால் அவர்கள் சட்டப்படி தங்குவதற்கான ஐ-94 காலம் நடப்பில் இருக்கும். இத்தகையோர் கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ 30 நாட்களுக்கு மிகாமல் சென்று திரும்பினால், காலாவதியான விசாவே நீட்டிக்கப்பட்டதாகக் கருதப்படும். 'தானியங்கி மறுசெல்லுபடி' எனப்படும் இச்சலுகை அமெரிக்க வெளியுறவுத் துறையின் ஒழுங்குமுறையில் இடம்பெற்றுள்ளது. எஃப், ஜே பிரிவு மாணவர்களும் ஆய்வாளர்களும் கியூபா நீங்கலாக அண்டைத் தீவுகளுக்கும் சென்று திரும்பலாம்.

மாணவராக வந்து, பின்னர் அமெரிக்காவிலேயே எச்-1பி நிலைக்கு மாறியவருக்கும் இது பொருந்தும். பழைய மாணவர் விசா, புதிய நிலைக்கு மாற்றப்பட்டதாகக் கொள்ளப்படும்.

இதற்கான நிபந்தனைகள் வருமாறு:

• பயணம் கனடா அல்லது மெக்சிகோவுக்கு மட்டுமே இருக்க வேண்டும். அங்கிருந்து மூன்றாவது நாட்டுக்குச் சென்றால் சலுகை நீங்கிவிடும்.

• வெளியே இருந்த காலம் 30 நாட்களைத் தாண்டக் கூடாது.

• கடவுச்சீட்டும் ஐ-94 பதிவும் நடப்பில் இருக்க வேண்டும். பயணத்தின்போது அவற்றைக் கையில் வைத்திருக்க வேண்டும். மாணவர்கள் கல்வி நிறுவனத்தின் ஐ-20 படிவத்தையும், எச்-1பி பணியாளர்கள் ஒப்புதல் அறிவிப்பையும் எடுத்துச் செல்ல வேண்டும்.

• பழைய விசா ரத்து செய்யப்பட்டதாக இருக்கக் கூடாது.

• வெளியே இருக்கும்போது புதிய அமெரிக்க விசாவுக்கு விண்ணப்பிக்கக் கூடாது.

இவற்றுள் இறுதி நிபந்தனையே மிக முக்கியமானது. 2002-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள இவ்விதியின்படி, கனடாவில் உள்ள அமெரிக்கத் தூதரகத்தில் ஒருவர் விசாவுக்கு விண்ணப்பித்த உடனேயே தானியங்கிச் சலுகையை இழக்கிறார். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டாலோ கூடுதல் ஆய்வுக்காக நிறுத்திவைக்கப்பட்டாலோ, வேலையும் குடும்பமும் வீடும் அமெரிக்காவில் இருக்க, அவர் எல்லைக்கு வெளியே காத்திருக்க நேரிடும். 2025 செப்டம்பர் 6 அன்று வெளியான அமெரிக்க வெளியுறவுத் துறையின் அறிவிப்பில், தற்காலிக விசா கோருவோர் தங்கள் குடியுரிமை நாட்டிலோ வசிக்கும் நாட்டிலோதான் விண்ணப்பிக்க வேண்டும் என்று கூறப்பட்டுள்ளது. இதனால், கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ சென்று விசா முத்திரை பெற்றுத் திரும்பும் வழி இந்தியர்களுக்குக் குறுகிவிட்டது.

காலாவதியான அமெரிக்க விசாவை வைத்திருப்போர் மெக்சிகோ செல்வதற்கு மெக்சிகோ விசாவும், கனடா செல்வதற்குக் கனடா விசாவும் தனியே பெற வேண்டும். தானியங்கிச் சலுகை அமெரிக்காவுக்குள் திரும்புவதற்கு மட்டுமே உரியது.

ஒரே குடும்பம், இரு கடவுச்சீட்டுகள்

கணவர் சிங்கப்பூர்க் குடிமகன், மனைவி இந்தியக் குடிமகள், குழந்தை அமெரிக்கக் குடிமகன் என அமைந்த குடும்பங்கள் இன்று அரிதல்ல. ஒரே காரில் எல்லையைக் கடந்தாலும் மூவருக்கும் மூன்று விதிகள் பொருந்தும். கணவருக்கு 90 நாள் கணக்கும், மனைவிக்கு விசாவும் ஐ-94 பதிவும், குழந்தைக்கு அமெரிக்கக் கடவுச்சீட்டும் பார்க்கப்படும். கனடாவுக்கு விமானத்தில் செல்லும் சிங்கப்பூர்க் குடிமகன் 7 கனேடிய டாலர் கட்டணத்தில் மின்னணு அனுமதி பெற வேண்டும். தரை வழியே சென்றால் அது தேவையில்லை. இந்தியக் குடிமகளுக்கோ இரு வழிகளிலும் விசா வேண்டும். வெளிநாடுவாழ் இந்தியக் குடிமக்கள் அட்டை இந்தியாவுக்கு வருவதற்கே பயன்படும். அமெரிக்க, கனடிய எல்லைகளில் அதற்கு மதிப்பில்லை.

வெளியேறியதற்கான சான்று

கனடாவும் அமெரிக்காவும் நில எல்லையைக் கடக்கும் வெளிநாட்டவரின் விவரங்களைப் பகிர்ந்துகொள்கின்றன. கனடாவில் ஒருவர் நுழைந்ததாகப் பதிவானால், அதுவே அமெரிக்காவை விட்டு வெளியேறியதற்கான பதிவாகவும் கொள்ளப்படுகிறது. மெக்சிகோ எல்லையைத் தரை வழியே கடப்போரின் வெளியேற்றம் இவ்வாறு முறையாகப் பதிவாகும் என்று கூற இயலாது. தரை வழியே மெக்சிகோ சென்று அங்கிருந்து நாடு திரும்புவோர், மெக்சிகோவின் நுழைவு முத்திரை, விமானத்தின் இருக்கைச் சீட்டு, தங்கும் விடுதி ரசீது ஆகியவற்றைப் பாதுகாத்து வைப்பது நல்லது. வெளியேறியது பதிவாகாத நிலையில், காலம் கடந்து தங்கியவர் என்ற ஐயம் எழுந்தால் அதனைப் போக்க இவை உதவும்.

ஐரோப்பாவில் வேறு கணக்கு

ஐரோப்பாவின் ஷெங்கன் பகுதியில் நடைமுறை வேறுபடுகிறது. அங்கு எந்த 180 நாட்களை எடுத்துக்கொண்டாலும் அதற்குள் 90 நாட்கள் மட்டுமே குறுகிய காலப் பயணிகள் தங்கலாம். பாரிஸில் இருந்து லண்டனுக்கோ இஸ்தான்புல்லுக்கோ சென்றால், வெளியே கழித்த முழு நாட்கள் அந்த 90-இல் சேர்வதில்லை. வெளியேறும் நாளும் திரும்பும் நாளும் மட்டும் எண்ணப்படும். ஆனால் அங்கும் கணக்கு புதிதாகத் தொடங்குவதில்லை. இந்தியப் பயணிகள் ஷெங்கன் விசாவில் நடுவே பிரிட்டன் சென்று திரும்ப வேண்டுமெனில், பிரிட்டன் விசா தனியே தேவைப்படுவதுடன், ஷெங்கன் விசா குறைந்தது இருமுறை நுழைய அனுமதிப்பதாகவும் இருக்க வேண்டும். ஐரோப்பிய விதியை நினைவில் வைத்து அமெரிக்கப் பயணத்தைத் திட்டமிடுவது தவறில் முடியும்.

புறப்படும் முன் சரிபார்க்க வேண்டியவை

• ஐ-94 பதிவில் உள்ள இறுதி நாள் எது? அண்டை நாட்டுப் பயணத்தையும் சேர்த்து அந்நாளுக்குள் நாடு திரும்ப முடியுமா?

• செல்லும் நாட்டுக்குத் தனி விசாவோ மின்னணு அனுமதியோ தேவையா?

• கையில் உள்ள அமெரிக்க விசா பலமுறை நுழைய அனுமதிப்பதா? நடப்பில் உள்ளதா?

• நாடு திரும்பும் விமானச் சீட்டு எங்கு முடிவடைகிறது?

• கப்பல் பயணமெனில் எந்தெந்தத் துறைமுகங்களில் நிற்கும்? அவற்றுள் கியூபா உள்ளதா?

• விசா காலாவதியானவர் எனில், 30 நாள் வரம்புக்குள் திரும்புவது உறுதியா?

விசாவோ எஸ்டாவோ எல்லை வரை செல்வதற்கான அனுமதி மட்டுமே. நாட்டுக்குள் நுழைய அனுமதிப்பது எல்லையில் உள்ள அதிகாரியின் பொறுப்பு என்பது குறிப்பிடத்தக்கது. கட்டணங்களும் நாடுகளின் பட்டியலும் அவ்வப்போது மாற்றப்படுவதால், பயணச்சீட்டு எடுப்பதற்கு முன் அமெரிக்க வெளியுறவுத் துறை, அமெரிக்கச் சுங்கம் மற்றும் எல்லைப் பாதுகாப்பு முகமை, செல்லவிருக்கும் அண்டை நாட்டின் குடியேற்றத் துறை ஆகியவற்றின் அதிகாரப்பூர்வ இணையதளங்களில் நடப்பு விதிகளைப் பயணிகள் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.